வடிகட்டி பிடித்த அழுக்கு

மனிதகுல வரலாற்றில் நெருப்புக்கும் சக்கரத்துக்கும் அடுத்தபடியான மகத்தான சாதனை, ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர் ஒருவரின் கிணற்றடியில் நிகழ்ந்தது. அதை அருகிலிருந்து பார்க்கும் பாக்கியம் அவர் மனைவிக்கு வாய்த்தது. அவளுக்கு வேறு போக்கிடமில்லை.

மழைக்குப் பின் கிணற்றுத் தண்ணீர் சற்றே கலங்கியிருந்தது. "தண்ணி தெளியட்டும்மா, அப்புறம் குழந்தையத் தூக்கிட்டு வர்றேன்" என்று மகள் போனில் சொல்லிவிட்டாள். பேரனை இன்னும் மடியில் வைத்துப் பார்க்காதவளுக்குத் தூக்கம் போயிற்று. அவருக்குத் திட்டம் பிறந்தது.

உடனே "குடும்ப நீர்த் தூய்மைக் குழு" கூடியது. தலைவர் அவர், உறுப்பினர் அவள்.

"காய்ச்சிக் குடுத்தாப் போதாதாங்க?"

"காய்ச்சுறதெல்லாம் கற்காலம். உறுப்பினர் கருத்து நிராகரிக்கப்பட்டது. காபி கொண்டா."

டிரம் மேல் டிரம் ஏறியது. மேலே சரளை, நடுவே மணல், அடியில் கரி. சொட்டிய முதல் தம்ளரை அவர் கண்ணாடி போட்டுப் பார்த்தார், கழற்றியும் பார்த்தார். மறுப்பதற்கில்லை, தெளிவாகத்தான் இருந்தது.

மணலையும் கரியையும் தினமும் அலச வேண்டுமாம். அந்தத் "திருப்பணி" கிணற்றடிக் கல்மேலேயே நடந்தது. கறுப்பும் பழுப்புமாய் ஓடிய தண்ணீர், கிணற்றுச் சுவரின் விரிசலில் பணிவாக நுழைந்து மறைந்தது.

நாளாக ஆக வடிகட்டியில் அழுக்கு கூடியது. அவர் முகத்தில் களை கூடியது.

"பார்த்தியா, எவ்வளவு பிடிச்சிருக்கு! இது இல்லேன்னா இவ்வளவும் நம்ம வயித்துக்குள்ள!"

"முன்னெல்லாம் இவ்வளவு இல்லீங்களே."

"முன்னெல்லாம் பிடிக்க ஆளில்ல."

"அலசுற தண்ணி திரும்பக் கிணத்துக்குள்ளதாங்க போகுது. அந்த விரிசலப் பாருங்க."

"அது கட்டடப் பிரிவு. நம்ம குழு நீர்ப் பிரிவு."

இன்னொரு டிரம் வந்தது. அதையும் அங்கேயே அலசினார். கிணற்றில் இறைத்த வாளித் தண்ணீர் டீ நிறத்துக்கு வந்த சுபதினத்தில் மகளுக்குப் போன் போட்டார்: "தூய்மை உறுதி செய்யப்பட்டது. புறப்பட்டு வரலாம்."

வந்தாள். குழந்தையைத் தோளில் சாய்த்தபடியே கிணற்றை எட்டிப் பார்த்தாள். அப்பா கரியின் மகிமையை விளக்கிக்கொண்டிருக்கும்போதே, வாசலில் நின்ற வண்டியைத் திருப்பச் சொன்னாள். உள்ளே பாய் விரித்துக் காத்திருந்தவள் அதைச் சுருட்டி வைத்தாள்.

பேரன் சம்பந்தி வீட்டில் சௌக்கியமாக இருக்கிறான். அங்கே வடிகட்டி கிடையாது. காய்ச்சிக் குடிக்கிறார்கள்.