மினுங்காத காட்டுமாடு

கண்ணாடிக் குழாய் கை நழுவி உடைந்தபோது மலைச்சாமிக்கு முதலில் போனது உயிர். விரல் அறுபட்டது அப்புறம்தான் தெரிந்தது.

சிந்தியது சாதாரண ரத்தமா? பேரிஜம் காட்டில் மயக்க ஊசி போட்டு, ஆய்வுக்கூட உதவியாள் கந்தவேல் எடுத்து வந்த காட்டுமாட்டு ரத்தம். இன்றைக்குத்தான் மலைச்சாமியை நிரந்தரமாக்கி இயக்குநர் கையெழுத்துப் போடப் போகிறார். கொடைக்கானல் ஆய்வுக்கூடத்தில் அவர் பெருக்க வந்த வருடம் நட்ட பேரிமரம் காய்த்து, கிழடாகி, வெட்டும்பட்டுவிட்டது. அவர் மட்டும் இன்னும் தற்காலிகம்.

விரல் சொட்டிக்கொண்டிருந்தது. ஊதா மூடிக் குழாய் ஒன்றை எடுத்து அடியில் பிடித்தார். மாட்டைப் போலத்தானே அவரும் உழைக்கிறார்? நிர்வாகமே வித்தியாசம் பார்க்காதபோது மிஷினா பார்க்கப் போகிறது?

மிஷின் பார்த்தது.

“பழனி மலை விஞ்ச்ல ஆளுகளை ஏத்துற மாதிரி ரத்த அணுக்களை ஒவ்வொண்ணா வரிசையில விடுவோம் சார்” என்று டாக்டர் ஹெப்சிபா இயக்குநருக்கு விளக்கினாள். “லேசர் வெளிச்சத்தைத் தாண்டும்போது, சாயம் ஒட்டுன அணு மட்டும் மினுங்கும். மாட்டோட நோய் எதிர்ப்பு அணுவுல மட்டும் ஒட்டுற சாயம் இது.”

திரையில் புள்ளிகள் வந்தன. ஒன்றுகூட மினுங்கவில்லை.

“சார்! இந்த மாட்டுக்கு எதிர்ப்பு சக்தியே அத்துப்போச்சு. புது நோய்!”

இயக்குநரின் முகம் மினுங்கியது. புது நோய் என்றால் புதுக் கட்டடம்.

“மலைச்சாமிண்ணே, அந்த மாட்டு ரத்தம் மீதி இருக்கா?”

“நெறயாவே இருக்குங்க மேடம்.”

கக்கூசுக்குள் போய் விரலை மறுபடி பிதுக்கிக்கொண்டு வந்தார். அச்சு அசலாக அதே படம். ஹெப்சிபாவுக்குக் கண் கலங்கியது. மலைச்சாமிக்கும் கலங்கியது, விரல் வலியில்.

“அந்தக் குழாயைத் தொட்டது யாரு?” என்றார் இயக்குநர்.

எல்லோரும் மலைச்சாமியைப் பார்த்தார்கள்.

“எனக்கு ஒண்ணுமில்லீங்கய்யா. நல்லாத்தான் இருக்கேன்!”

“அந்த மாடும் அப்படித்தான் நெனச்சிருக்கும். இவர் ரத்தத்தையும் எடுங்க. அதே சாயத்தைப் போடுங்க.”

“சார், அது மாட்டுச் சாயம். மனுசனுக்கு...”

“ஒப்பிடணும்ல?”

படித்தவர் சொன்னால் படித்தவர் கேட்கத்தானே வேண்டும். ஒப்பிட்டார்கள். மூன்றாவது படமும் முதல் இரண்டின் உடன்பிறப்பாக வந்து நின்றது.

“மாட்டுலேர்ந்து மனுசனுக்குத் தாவிருச்சு!” என்று இயக்குநர் கூவிய கூவலில் துக்கம் மருந்துக்கும் இல்லை.

“ஐயா, என்னைய பெர்மனென்ட் பண்றதா...”

“இனிமே உம்மை வெளிய விட முடியுமா? இங்கேயேதான் இருக்கப் போறீர்!”

சாமான் அறையில் தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். இத்தனை வருடம் கேட்டது ஒருவழியாகக் கிடைத்துவிட்டது. பூட்டோடு.

சாயங்காலம் ஜன்னலோரம் கந்தவேலின் தலை தெரிந்தது. மலைச்சாமி கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினார்.

“ஏலே, மூணும் என் ரத்தம்தாம்லே. நோயுமில்ல, ஒரு மண்ணுமில்ல. வேல போனாலும் போகட்டும், வெரசா போயி மேடத்தைக் கூட்டியா. உண்மையைச் சொல்லிப்புடுறேன்.”

கந்தவேல் நகரவில்லை. முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது.

“வாயைத் தொறந்திராதீங்கண்ணே!”

“ஏம்லே? ஒனக்கென்ன வந்துச்சு?”

“நீங்க சொன்னா, நான் இதுவரைக்கும் கொண்டாந்த ரத்தத்தையெல்லாம் நோண்டுவாங்க. ஊசியத் தூக்கிக்கிட்டு காட்டுமாட்டுக்கிட்ட எவன்ணே போவான்? போன வருசம் மேடம் டெல்லியில அவார்டு வாங்குனாங்கள்ல, அந்த மினுங்குன காட்டுமாடு அத்தனையும் பள்ளங்கியில எங்க வீட்டுச் செவலைப் பசுண்ணே!”