வயர்லெஸ்காரன் கம்ப்யூட்டர் படித்த லட்சணம்

பனிமலையில் தனியாக உட்கார்ந்திருப்பவன் கையில் விளம்பர நோட்டீஸ் எதையும் கொடுக்கக் கூடாது. ஒரு வரி விடாமல் படிப்பான், அப்படியே நம்புவான், அன்றைக்கே விண்ணப்பமும் போட்டுவிடுவான். எனக்கு முடி கொட்ட ஆரம்பித்திருந்த காலம் அது. கையில் கிடைத்தது கூந்தல் தைல நோட்டீஸாக இருந்திருந்தால் இன்றைக்குத் தலையிலாவது கொஞ்சம் மிஞ்சியிருக்கும். கிடைத்தது இணையவழிக் கம்ப்யூட்டர் பட்டப்படிப்பு நோட்டீஸ்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நான் ராணுவத்தில் நாயக், வேலை வயர்லெஸ் ஆபரேட்டர். வடக்கே ஒரு மலையுச்சி முகாமில் போட்டிருந்தார்கள். (எந்த மலை என்று கேட்காதீர்கள். ஓய்வு பெற்று இத்தனை வருடமாகியும் வாய் வர மாட்டேன் என்கிறது.) மனைவி செல்வியும் மகளும் உத்திரமேரூருக்குப் பக்கத்தில் திருப்புலிவனத்தில் இருந்தார்கள். வீட்டில் போன் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைதோறும் செல்வி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி, உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த அன்வர் பாய் கடைக்கு வந்துவிடுவாள். ஜெராக்ஸ், எஸ்.டி.டி. பூத், மூலையில் இரண்டு கம்ப்யூட்டர் போட்ட பிரவுசிங் சென்டர் என்று எல்லாம் ஒரே அறைக்குள் இருந்த கடை. அங்கேதான் நான் மலையிலிருந்து கூப்பிடுவேன். அப்பாவின் குரல் அந்தக் கடையில் மட்டும்தான் கேட்கும் என்பதால் என் மகள் என்னை 'பாய் கடை அப்பா' என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் இதைச் சத்தமாகச் சொல்லி, செல்வி பட்ட பாடு தனிக்கதை.

வாரம் முழுக்க அந்த ஒரு போனுக்காகத்தான் உயிரோடு இருப்பேன். செல்வி படபடவென்று ஊர்ச் சேதி சொல்வாள். ஏரி நிறைந்தது, பசு கன்று போட்டது, பாப்பாவுக்குச் சளி. சட்டென்று பேச்சு நின்றுவிடும். கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல் கேட்கும். அப்புறம் "சரி, வெச்சிடட்டா?" என்பாள். நானும் "சரி" என்பேன். அவளிடம் சொல்ல வேண்டும் என்று ஆறு நாளாகச் சேர்த்து வைத்தது அத்தனையும் அப்படியே மிஞ்சிவிடும். என்னோடு பேச அவளுக்கு நேரமில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போர்வைக்குள் போய்ச் சுருண்டுகொள்வேன். அந்த மலையில் குளிர்கூட எனக்குப் பழகிவிட்டது. போனை வைத்த பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் கடைசிவரை பழகவில்லை.

அந்த நேரத்தில்தான் ஒரு சுற்றறிக்கை வந்தது. தெற்கே ஒரு நகரத்துத் தலைமையகத்துக்கு ஆள் எடுக்கிறார்கள். பட்டப்படிப்பில் முதல் வருடம் தேறியவர்களுக்கு முன்னுரிமை. போனால் ஹவில்தார் பதவி உயர்வு, குடும்பத்தோடு இருக்க குவார்ட்டர்ஸ். எனக்கு ஹவில்தாரும் தெரியவில்லை, தலைமையகமும் தெரியவில்லை. குவார்ட்டர்ஸ் ஒன்றுதான் தெரிந்தது. மாலையில் வேலை முடிந்து கதவைத் தட்டினால் செல்வி வந்து திறப்பாள் என்பது தெரிந்தது.

எங்கள் சுபேதார் நல்ல மனிதர். தபால் வழியில் வரலாறு எடு, சுலபமாகத் தேறிவிடலாம் என்று சொன்னார். என் கூடாரத் தோழன் ஒருவன் அவர் பேச்சைக் கேட்டு வரலாறு எடுத்தான். நான் கேட்கவில்லை. இத்தனைக்கும் என் மாமனார் ஊர் புள்ளலூர். பல்லவனும் சாளுக்கியனும் மோதிக்கொண்ட மண். வரலாறு எடுத்திருந்தால் முதல் பாடமே மாமனாரின் கழனியில் நடந்திருக்கும். ஆனால் தலைமையகம் என்றால் கம்ப்யூட்டர் இருக்கும், கம்ப்யூட்டர் படித்தவனைத்தான் அங்கே கூப்பிடுவார்கள் என்று நானே ஒரு கணக்குப் போட்டு, கையில் கிடைத்த நோட்டீஸைப் பார்த்து அன்றைக்கே விண்ணப்பம் போட்டேன். அதுவரை நான் கம்ப்யூட்டரைத் தொட்டதுகூடக் கிடையாது.

இணையவழிப் படிப்பில் சேர்ந்தவனுக்கு இணையம் வேண்டும் என்ற சின்ன விஷயம் சேர்ந்த பிறகுதான் உறைத்தது. எங்கள் முகாமில் பகலில் சூரியன் வந்தாலே விசேஷம். கடைசியில் செல்வி பாய் கடையில் பாடங்களை பிரிண்ட் எடுத்துக் கட்டுக் கட்டாகத் தபாலில் அனுப்பினாள். நாடே தபாலை விட்டு இணையத்துக்குப் போய்க்கொண்டிருக்க, நான் இணையத்தைத் தபாலில் வாங்கிப் படித்தேன். விசைப்பலகையின் படத்தை அட்டையில் வரைந்து விரலைத் தட்டிப் பழகினேன். (அட்டையில் நான் அசுர வேகம்.) லீவில் வந்தபோது எழுத்துத் தேர்வை எழுதி, எப்படியோ தேறியும் விட்டேன். மிச்சம் இருந்தது வாய்மொழித் தேர்வு. அதை மட்டும் கம்ப்யூட்டர் வழியாகப் பேசி முடிக்க வேண்டும். கேமரா கிடையாது, குரல் மட்டும்தான். லீவு முடிவதற்குள் பாய் கடையிலேயே அதற்கு ஏற்பாடானது.

இங்கே என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். வயர்லெஸ்ஸில் ஒரு சமயத்தில் ஒருவர்தான் பேச முடியும். பேசி முடித்ததும் 'ஓவர்' என்று சொல்ல வேண்டும். அதைக் கேட்ட பிறகுதான் எதிர்முனை வாயைத் திறக்கலாம். முந்திக்கொண்டால் இரண்டு பேர் பேச்சும் நாசமாகும், மேலதிகாரி நம்மை நாசமாக்குவார். முக்கியமான செய்தி வந்தால் அதை அப்படியே திருப்பிச் சொல்லி, சரிதான் என்று அவர்கள் சொன்ன பிறகே அடுத்த வேலை. வருடக்கணக்கில் இதையே செய்து செய்து, சமையல்காரரிடம் "இன்னும் ரெண்டு ரொட்டி, ஓவர்" என்று கேட்கும் அளவுக்கு நான் முற்றிப்போயிருந்தேன். செல்வியிடம் மட்டும் போனில் அந்தச் சொல் வாயில் வந்துவிடக் கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டு பேசுவேன். தேர்வன்றும் அதே வைராக்கியம்தான். தேர்வு எடுக்கப்போகும் மேடத்திடம் ஓவர் சொல்லக் கூடாது என்று பஸ்ஸில் வரும்போதே மனசுக்குள் ஜெபித்துக்கொண்டு வந்தேன்.

யூனிபார்மை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டிருந்தேன். கேமராவே இல்லையே, இது யாருக்கு என்று செல்வி கேட்டாள். விறைப்பு குரலில் தெரியும் என்றேன். பாய் கடை ஹெட்போனில் காதுப் பக்கம் செத்துப்போயிருந்தது, மைக் மட்டும்தான் வேலை செய்தது. அதனால் பாய் பெரிய ஸ்பீக்கர் இரண்டை எடுத்து மாட்டினார். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள், போன் பேச வந்தவர்கள், சாலவாக்கம் பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் வாசலில் கூடிவிட்டார்கள். மிலிட்டரிக்காரர் டில்லியோடு பேசப் போகிறார் என்று எவரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். செல்வி எஸ்.டி.டி. பூத்துக்குப் பக்கத்து ஸ்டூலில், வழக்கமாக என் போனுக்குக் காத்திருக்கும் அதே இடத்தில், கைகளை மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

மேடத்தின் குரல் கணீரென்று வந்தது. "வணக்கம். உங்க பேரும் பதிவு எண்ணும் சொல்லுங்க."

நான் முதுகை நிமிர்த்திக்கொண்டு காத்திருந்தேன்.

"ஹலோ? கேக்குதா?"

கேட்டது. தலையை ஆட்டினேன். மேற்கொண்டு காத்திருந்தேன். பாய் என் தோளைத் தட்டி, பேசுங்கண்ணே என்று சைகை காட்டினார். ஒருவழியாக நான் வாயைத் திறந்த அதே நொடியில் மேடமும் திறந்தார். இரண்டு குரல் மோதினால் சின்ன நிலையம் ஒதுங்க வேண்டும் என்பது விதி. நான் ஒதுங்கினேன். அவரும் மரியாதைக்காரர், ஒதுங்கினார். கடை முழுக்க ஜெராக்ஸ் மெஷின் சத்தம் மட்டும் கேட்டது.

எப்படியோ பெயரையும் எண்ணையும் சொல்லி முடித்தேன். எங்கேயிருந்து பேசுகிறேன் என்று அடுத்ததாகக் கேட்டார். திறந்த இணைப்பில் இருப்பிடத்தைச் சொல்வது எங்கள் தொழிலில் பெருங்குற்றம். "சொல்ல அனுமதி இல்லை மேடம்" என்றேன். என் முதுகுக்குப் பின்னால் பஸ் கண்டக்டர், உத்திரமேரூர் எல்லாம் இறங்கு, சாலவாக்கம் ஏறு என்று தொண்டை கிழியக் கூவினார். எந்தப் பிரிவில் வேலை என்று கேட்டார். அதற்கும் அனுமதி இல்லை. அவர் பெருமூச்சு விட்டது இரண்டு ஸ்பீக்கரிலும் கேட்டது.

"சரி, பாடத்துக்கு வருவோம். நெட்வொர்க்குன்னா என்ன?"

பதில் எனக்குத் தலைகீழாகத் தெரியும். ஆனால் முக்கியமான செய்தியாயிற்றே. "நெட்வொர்க் என்றால் என்ன" என்று திருத்தமாகத் திருப்பிச் சொல்லிவிட்டு, சரிதான் என்று அவர் சொல்வதற்காகக் காத்திருந்தேன்.

"என்னையே திருப்பிக் கேக்கறீங்களா?"

"என்னையே திருப்பிக் கேக்கறீங்களா" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அதற்கப்புறமும் அந்த அம்மாள் மூன்று கேள்வி கேட்டார். அவர் மகராசியாக இருக்க வேண்டும். நான் ஒவ்வொன்றுக்கும் விறைப்பாக உட்கார்ந்து, அவர் பேச்சை முடிப்பதற்காகக் காத்திருந்தேன். கடைசியில் 'க்ளிக்' என்று ஒரு சத்தம். இந்த விண்ணப்பதாரர் பதில் சொல்லவில்லை என்று திரையில் வந்தது. முழுத் தேர்விலும் நான் ஒரு முறைகூட ஓவர் சொல்லவில்லை. அந்த வைராக்கியத்தில் மட்டும் ஜெயித்தேன்.

பஸ் ஸ்டாண்டில் செல்வி திருப்புலிவனம் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள். பிறகு கேட்டாள். "இன்னா மாமா, அந்தம்மா கேட்டுக்கினே கீறாங்க, நீ கல்லு மாதிரி குந்திக்கினு கீற?"

வயர்லெஸ் விதியைச் சொன்னேன். மேடம் ஓவர் சொல்வார் என்று என்னையறியாமல் காத்திருந்துவிட்டேன் என்றேன். செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. குவார்ட்டர்ஸ் போன துக்கத்தோடு சிரித்துக்கொண்டிருந்தேன். அவள் சிரிப்பு பாதியில் நின்றது.

"அப்ப எங்கிட்டயும் அதுக்குத்தான் கம்முனு இருந்தியா?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"போன்ல. நான் எல்லாத்தையும் சொல்லிட்டு நிறுத்துவேன். நீ ஒண்ணும் பேச மாட்ட. இந்த ஆளுக்கு நம்மகிட்ட பேசறதுக்கு ஒண்ணுமே இல்ல போலக்கீது, கடமைக்குப் போன் பண்றாருன்னு நெனச்சிக்குவேன். அதான் வெச்சிடட்டான்னு கேப்பேன். நீயும் சரின்னுடுவ. வூட்டுக்குப் போற வரைக்கும் பஸ்ல அழுதுகினே போவேன்."

திருப்புலிவனம் பஸ் வந்து, நின்று, போய்விட்டது. நாங்கள் ஏறவில்லை. அவளிடம் ஓவர் சொல்வதை நான் நிறுத்தியிருந்தேன். அவள் சொல்வாள் என்று காத்திருப்பதை நிறுத்தவில்லை என்பது அந்த நிமிஷம்வரை எனக்கே தெரியாது. இத்தனை ஞாயிற்றுக்கிழமைகள், இவள் இந்த முனையில் அழுதாள், நான் அந்த முனையில் போர்வைக்குள் கிடந்தேன்.

லீவு முடிந்து மலைக்குத் திரும்பினேன். தலைமையகத்துக்கு யாரை எடுத்தார்கள் தெரியுமா? வரலாறு படித்த என் கூடாரத் தோழனை. எந்தப் பட்டப்படிப்பாக இருந்தாலும் போதும் என்றுதான் சுற்றறிக்கையில் இருந்ததாம், நான்தான் கம்ப்யூட்டர் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். அவன் பெண்டாட்டி பிள்ளைகளோடு குவார்ட்டர்ஸில் குடியேறினான். நான் இன்னும் பல வருடம் பாய் கடை அப்பாவாகவே காலம் தள்ளினேன்.

திரும்பிப் போன முதல் ஞாயிற்றுக்கிழமை போன் செய்தேன். செல்வி வழக்கம்போல எல்லாம் சொன்னாள். நிறுத்தினாள். பிறகு, கடையில் ஆட்கள் இருந்திருப்பார்கள் போல, குரலைத் தாழ்த்தி, "ஓவர்" என்றாள்.

என் முறை. வருடக்கணக்காகச் சேர்த்து வைத்ததெல்லாம் மொத்தமாகக் கிளம்பி வந்து ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றது. கண்ணீர்தான் வந்தது. அவள் வெச்சிடட்டா என்று கேட்கவில்லை. வெறும் இரைச்சல் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் ரிசீவரில் பாய் குரல் வந்தது. லைனில்தான் கோளாறு என்று நினைத்து வாங்கியிருக்கிறார்.

"அண்ணே, அக்கா ஓவர் சொல்லிட்டாங்க."

என் மகளுக்கு இப்போது கல்யாணமாகிவிட்டது. வீட்டில் ஏதாவது பேச்சு வந்து நான் வாயடைத்து உட்கார்ந்துவிட்டால், அச்சு அசல் பாய் குரலில் அதே வாக்கியத்தைச் சொல்வாள். மாப்பிள்ளையும் இப்போது சேர்ந்து சொல்கிறார். எல்லோரும் சிரிப்பார்கள். செல்வி மட்டும் சிரிக்க மாட்டாள். நான் வாயைத் திறக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.