ஒழுகாத ஜாயின்ட்

கடிகாரம் பழுது பார்ப்பவர் தன் மனைவியை உயிரோடு கடைசியாகப் பார்த்தது ஆஸ்பத்திரி நடையில். ஆபரேஷன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது அவள் கையைப் பிடித்தார். அவள் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லவில்லை. நகையைப் பற்றியும் சொல்லவில்லை.

"சிங்க் அடியில நீங்க போட்ட பைப்ப மட்டும் கழட்டிடாதீங்க. அப்படியே இருக்கட்டும்."

பதினொரு வருஷத்துக்கு முந்தைய வேலை அது. இத்தனை மதிப்பு வைத்திருக்கிறாளே.

அந்த வேலை நடந்த அன்று, சமையலறைக்கு வரும் பிளாஸ்டிக் குழாய் விரிசல் விட்டிருந்தது.

"பிளம்பரக் கூப்பிடுங்க" என்றாள் அவள்.

"முடி மாதிரி இருக்கிற ஸ்பிரிங்கையே பூட்டறவன் நான். கட்டைவிரல் மொத்தத்துல ஒரு குழாய். இதுக்கு ஒரு ஆளா?"

பிளம்பர் என்று எவனாவது இந்த வாசப்படியை மிதித்தால் தன் கடையை இழுத்து மூடிவிடுவதாகச் சபதமும் போட்டார்.

கம்ப்ரஷன் ஜாயின்ட் வாங்கி வந்தார். பசை வேண்டாம், சூடு வேண்டாம். குழாயில் முதலில் நட்டு, அடுத்து ஒரு வெள்ளை வளையம். குழாயை ஜாயின்ட்டுக்குள் தள்ளி நட்டைத் திருகினால் வளையம் கவ்விக்கொள்ளும். அவர் கை சிவக்கத் திருகினார். தண்ணீரைத் திறந்தார். ஜாயின்ட் தாரை தாரையாக அழுதது.

"நட்டு கழண்டிருக்கு போல."

"யாருக்கு?"

"இப்போதைக்குப் பைப்புக்கு."

"புது பிளாஸ்டிக் அப்படித்தான். தண்ணியில ஊறினா தானா இறுகிடும்."

"அப்போ ஊறட்டும்" என்று அவள் வாளியைக் கொண்டுவந்து வைத்தாள்.

மறுநாள் சாயங்காலம் கடையிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் போய்க் குனிந்தார். வாளி காய்ந்து கிடந்தது.

"என்னடி, ஒழுகல?"

"ஊறிடுச்சு."

அதன் பிறகு அந்த வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் சிங்க்குக்கு அடியில் குனிய வேண்டியிருந்தது. மாப்பிள்ளை மூன்று தடவை குனிந்தார்.

அவள் போன நாலாவது மாதம் சிங்க் குழாயில் தண்ணீர் வருவது நின்றுபோனது. கடையை ஏற்கெனவே மூடியாயிற்று, சபதமும் காலாவதி. பிளம்பரை வரச் சொன்னார். பிளம்பர் சிங்க்குக்கு அடியில் தலையை விட்டார்.

"அந்த ஜாயின்ட்டப் பாத்தீங்களா? என் கைவேலை."

"தெரியும் ஐயா. அதுல தண்ணி போகல. ரெண்டு முனையும் அடைச்சிருக்கு. தண்ணி வர்ற லைன் இந்த அலமாரிக்குப் பின்னால தனியா போகுது. நான் போட்டதுதான்."

"எப்போ?"

"பதினோரு வருஷம் இருக்கும். நீங்க கடைக்குப் போயிருந்தீங்க. உள்ள வளையத்தப் போடாமலே பூட்டியிருந்தீங்க. நான் கழட்டிச் சரியா மாட்டறேன்னு சொன்னேன். அம்மா விடல. அது அவர் போட்டது, கைய வைக்காதன்னுட்டாங்க."

கடிகாரக்காரர் தானும் ஒரு தடவை குனிந்து பார்த்தார். கடைசியில் ஒரு பிடி கிடைத்தது.

"இந்த வீட்டு வாசப்படிய மிதிக்கக்கூடாதுன்னு நான் சொல்லியிருந்தேனே."

"அதுக்குத்தான் ஐயா, அம்மா என்னப் பின்பக்கமா வரச் சொன்னாங்க."

பிளம்பர் அலமாரிக்குப் பின்னால் லைனில் இருந்த அடைப்பை எடுத்துவிட்டுப் போனார். ஜாயின்ட் இன்னும் சிங்க்குக்கு அடியில்தான் இருக்கிறது. இதுவரை ஒரு சொட்டு ஒழுகவில்லை.