புலியாரைச் சின்னதாக்கிய கேமரா

ஒரு காட்டில் ஒரு குளம் இருந்தது. குளம் எல்லோருக்கும் பொது. தண்ணீர் மட்டும் புலியாருடையது. புலியார் குடும்பம் குளித்து, கரையில் படுத்து, எழுந்து போன பிறகுதான் மான்கள் வாய் வைக்கலாம். இப்போதெல்லாம் அவர்கள் எழுந்து போவதே இல்லை. பறவைகளுக்குத் தடை கிடையாது. அவை குடிப்பதை யாரும் குடிப்பதாகவே எடுத்துக்கொள்வதில்லை.

இந்த அநியாயத்தைப் பார்த்துக் கொக்கு ஏகாம்பரத்துக்கு வயிறு எரிந்தது. காட்டுத் தொலைக்காட்சியில் அவர்தான் கேமராமேன். ஒற்றைக் காலில் ஆடாமல் அசையாமல் நிற்பார். ஸ்டாண்டு செலவு மிச்சம்.

செவ்வந்தி என்ற மான் தன் குட்டியோடு வந்து நின்றாள். "அண்ணே, புள்ளைக்கு நாக்கு வறண்டு போச்சு. ஏதாவது பண்ணுங்கண்ணே."

"கவலைப்படாத தாயி. சீரியல்ல காட்டிடறேன்."

காட்டினார். சீரியலில் புலியார் புலியாராகவே நடித்தார். அவருக்கு அந்த ஆசை வெகுநாளாக உண்டு. ஏகாம்பரம் புல்லோடு புல்லாகக் கிடந்து மான்களைக் கீழிருந்து எடுத்தார். ஒவ்வொன்றும் மலை மாதிரி நின்றது. புலியாரை மரக்கிளையிலிருந்து எடுத்தார். மனிதர் பூனைக்குட்டி அளவுக்குச் சுருங்கிப்போனார். குளம் வந்தால் நீலத்தைக் கூட்டினார். மான்கள் குடியிருக்கும் வறண்ட மேடு வந்தால் நிறத்தையே உருவிவிட்டார். வசனமே தேவைப்படவில்லை. காடே அழுதது.

புலியார் ஆளனுப்பினார். ஏகாம்பரம் வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பினார். போய்ப் பார்த்தால், புலியாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏன்யா, நான் அவ்வளவு சின்னவனாவா தெரியறேன்?"

"மேலேர்ந்து பாத்தா... ஆமாங்கய்யா."

"இத்தனை காலமா இந்த மானுங்களுக்கு என்னை மேலேர்ந்து பாக்க ஒரு வழியே இல்லாம இருந்திருக்கே! பெரிய அநியாயம்யா!"

மறுவாரமே கரையோரம் உயரமாக ஒரு பரண் எழுந்தது. பெயர், சமத்துவப் பரண். ஏற ஏணி, நிற்க வரிசை, எல்லாம் இலவசம். புலியாரே ரிப்பன் வெட்டினார். ஏகாம்பரத்துக்குச் சால்வை போர்த்தினார்கள்.

செவ்வந்தியும் குட்டியோடு வரிசையில் நின்று ஏறினாள். கீழே கரையை அடைத்துப் படுத்திருந்த புலியாரை ஒரு குளம்பால் மறைத்துவிடலாம் போலிருந்தது. அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"அம்மா, தண்ணி" என்றது குட்டி.

"சும்மா இரு. எம்புட்டு சின்னதா இருக்காரு பாரு!"

குட்டி பார்த்தது. "தண்ணியும் சின்னதாத்தாம்மா இருக்கு."

"சீக்கிரம் எறங்குங்க, நாங்களும் பாக்க வேணாமா?" என்று வரிசை பின்னாலிருந்து கத்தியது.

இருவரும் இறங்கி, வந்த வழியே மேட்டுக்குப் போனார்கள்.

பரண்மேல் அவர்கள் நின்றதை ஏகாம்பரம் கீழிருந்து எடுத்திருந்தார். வானத்தைத் தொட்டுக்கொண்டு ஒரு தாயும் பிள்ளையும். அவரே அதை இரண்டு முறை போட்டுப் பார்த்தார். குளத்தில் இறங்கி இரண்டு மடக்குக் குடித்தார். குட்டிக்கும் அலகில் ஒரு வாய் கொண்டுபோயிருக்கலாம்தான். ஆனால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அடுத்த ஷாட்டுக்கு வெளிச்சம் போய்விடும்.

நீதி: தண்ணீர் வேண்டுவோர் கொக்காகப் பிறக்கவும். மற்றவர்கள் பரணுக்கு வரிசையில் வரவும்.