நாலரை அடித் தண்ணீரில் மாமா

என் மனைவியின் அப்பாவை நான் ஒரு தடவை கொல்லப் பார்த்திருக்கிறேன். சொத்துத் தகராறு, சீதனப் பிரச்சினை என்று எதுவும் கிடையாது. முழுக்க முழுக்க மரியாதையால் நடந்த காரியம் அது.

அப்போது நான் கண்டியில், ஏரிக்கு மேலே சரிவில் இருந்த ஒரு சின்ன ஹோட்டலில் ஸ்நோர்க்கலிங் வழிகாட்டியாக இருந்தேன். முகத்தில் கண்ணாடி, வாயில் குழாய், குப்புற மிதந்தபடி மீன் பார்ப்பது. கண்டியில் கடல் ஏது என்று நீங்கள் கேட்கலாம். பெண் பார்க்கப் போன அன்று மாமாவும் அதைத்தான் கேட்டார். விருந்தாளிகள் முதல் நாள் எங்கள் ஹோட்டல் குளத்தில் பழகிக்கொள்வார்கள், மறுநாள் வேனில் திருகோணமலைப் பக்கம் கொண்டுபோய்க் கடலில் இறக்குவோம் என்று விளக்கினேன். "தண்ணியில குப்புற மிதக்கிறதுக்குச் சம்பளமா?" என்றார். அவருக்குக் கெலிஓயாவில் மின்சாரச் சாமான் கடை. பல்பு எரிந்தால் காசு, எரியாவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம். என் தொழில் அவருக்குப் பிடிபடவே இல்லை.

நானோ மலைநாட்டுப் புசல்லாவைக்காரன். கடலை முதன்முதலாகப் பார்த்ததே இருபத்திரண்டு வயதில். பயிற்சி முடித்து ஒரு சான்றிதழைக் கையில் வாங்கியதும், இந்து சமுத்திரத்துக்கே நான்தான் பொறுப்பு என்பதுபோல நடக்கத் தொடங்கிவிட்டேன் (நடை இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது என்று தர்ஷினி சொல்கிறாள்). தர்ஷினி என் மனைவி. கல்யாணம் முடிந்து எட்டாவது மாதம், அவளுடைய அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு திருகோணமலைக்கு ஒரு பயணம் போக முடிவானது. மாமா தன் வாயாலேயே, "நானும் அந்த மீனைப் பாக்கிறேன் மாப்புள" என்றார். என் தொழிலை அவர் ஒப்புக்கொள்ளப் போகிறார் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. "முதல்ல எங்க குளத்துல ஒருக்காப் பழகிக்கிருவோம் மாமா" என்றேன்.

ஞாயிறு காலை. விருந்தாளிகள் தலதா மாளிகைக்குப் போயிருந்தார்கள். குளம் காலி. மனேஜர் ஒரு மணித்தியாலம் தந்திருந்தார். மாமா வெள்ளைச் சட்டையும் இடுப்பில் நீலக் கட்டம் போட்ட சாரமுமாக வந்து இறங்கினார். சட்டையை மடித்து அத்தையிடம் கொடுத்துவிட்டுச் சாரத்தோடு படியில் கால் வைத்தார்.

சாரம் தண்ணீரில் காலைச் சுற்றும். யாராவது ஒரு வெள்ளைக்காரர் சாரத்தோடு வந்திருந்தால், பத்தடி தூரத்திலேயே நிறுத்தி அரைக் காற்சட்டை கொடுத்திருப்பேன். இவரிடம் எப்படிச் சொல்வது? பெண்ணைக் கொடுத்த மனுசரைப் பார்த்து, சாரத்தைக் கழற்றுங்கள் என்று எந்த மருமகன் சொல்வான்?

"மாமா, சாரம் கொஞ்சம்..."

"மடிச்சுக் கட்டிக்கிறேன் மாப்புள."

"சரி மாமா."

அன்றைக்கு நான் பதினான்கு தடவை "சரி மாமா" சொன்னதாகத் தர்ஷினி கணக்கு வைத்திருக்கிறாள். இது முதலாவது.

தண்ணீரில் இறங்குமுன் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். ஏழு கேள்விகள். இதய வருத்தம் உண்டா, பிரஷர் உண்டா, இழுப்பு உண்டா, மருந்து எடுக்கிறீர்களா, இப்போதுதான் சாப்பிட்டீர்களா என்று போகும். வழிகாட்டி வாய் திறந்து கேட்டு, பதிலைக் கேட்டு எழுத வேண்டும். அதுதான் சட்டம். ஆனால் மாமாவிடம் போய் உங்களுக்கு நெஞ்சு வருத்தமா என்று கேட்பது, எப்போது போவீர்கள் என்று கேட்கிற மாதிரி எனக்குப் பட்டது. ஒரு மூலையில் நின்று ஏழுக்கும் நானே "இல்லை" போட்டேன். அதில் ஏழாவது கேள்வி, கர்ப்பமாக இருக்கிறீர்களா என்பது. அதை மட்டும் சரியாக எழுதியிருந்தேன் என்று பிறகு தெரியவந்தது.

லைஃப் ஜாக்கெட்டை நீட்டினேன். "நெஞ்சளவு தண்ணிக்கு இது எதுக்கு, சின்னப் புள்ளயா நான்?" என்றார். சரி மாமா.

அடுத்தது கண்ணாடி. ஆவி படியாமல் இருக்க உள்பக்கம் துப்பித் தேய்த்துக் கழுவுவது வழக்கம். என்னுடையதில் துப்பிக் காட்டினேன். மாமாவின் முகம் போன போக்கைப் பார்த்து அத்தை வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மூஞ்சியில போடுற சாமான்ல துப்புறதா?"

"வேணாம்னா விட்டுறலாம் மாமா."

கடைசியாகக் குழாய். அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எத்தனை பேர் வாயில போனது மாப்புள?"

"மருந்து போட்டுக் கழுவினது மாமா."

"கழுவினா எச்சில் எச்சில் இல்லன்னு ஆயிருமா?"

எங்கள் வீடுகளில் போத்தல் தண்ணீரை உதட்டில் படாமல் அண்ணாந்து குடித்தே வளர்ந்தவர்கள் நாங்கள். அவர் கேட்டதில் எனக்கு நியாயம் தெரிந்தது. தெரிந்திருக்கக் கூடாது. பற்களால் கடித்து, உதட்டால் இறுக்கிப் பிடித்தால்தான் அந்தக் குழாய் குழாய். மாமா அதை உதட்டுக்கு ஒரு விரல் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "இப்பிடியே மூச்சு எடுத்துக்கிறேன்" என்றார். உலகத்தில் ஸ்நோர்க்கலிங் குழாயை அண்ணாந்து பாவிக்கப் பார்த்த முதல் மனிதர் என் மாமாவாகத்தான் இருக்க வேண்டும்.

நான் சொன்னேன், சரி மாமா. இரண்டு பேரும் தண்ணீரில் இறங்கினோம், மாமா முகத்தைத் தண்ணீரில் வைத்துக் குப்புறச் சாய்ந்தார்.

அப்போது தர்ஷினி கரையிலிருந்து, "என்னங்க, இந்தப் பக்கம் பாருங்க" என்று போனைத் தூக்கினாள். வீடியோ. நான் வயிற்றை உள்ளே இழுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கட்டை விரலை உயர்த்திக் காட்டினேன். பழகுகிறவரிடமிருந்து கண்ணை எடுக்காதே என்பதுதான் எங்களுக்குச் சொல்லித் தந்த முதல் பாடம். வீடியோவில் நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பது பத்து விநாடி. எனக்குப் பின்னால் மாமாவின் முதுகு மட்டும் தெரிகிறது. அசையாமல்.

மூழ்குகிறவர்கள் கத்துவார்கள் என்று சினிமா பார்த்து நம்பியிருக்கிறோம். கத்த மூச்சு வேண்டும். மாமா தரையில் பதித்திருந்த நீல ஓடுகளை ரசிக்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். கண்டுபிடித்தது அத்தை.

"மாப்புள, அவரு ஏன் இவ்வளவு அமைதியா இருக்காரு? வீட்டுல இப்பிடி இருக்க மாட்டாரே."

திரும்பினேன். குழாய் தனியாக மிதந்துகொண்டிருந்தது. அவிழ்ந்த சாரம் இரண்டு கால்களையும் மூட்டையாகச் சுற்றியிருந்தது. ஆவி படிந்த கண்ணாடிக்குள் அவருக்கு எது மேல், எது கீழ் என்றே தெரியவில்லை. பாய்ந்து போய்த் தோளைப் பிடித்தேன். பிடித்ததுதான் தாமதம், கடையில் ஒயர் சுருள் தூக்கிப் பழகிய இரண்டு கைகளும் என் கழுத்தைக் கவ்விக்கொண்டன. இரண்டு பேரும் கீழே போனோம். சான்றிதழ், பயிற்சி எல்லாம் என் தலையை விட்டு வெளியேறிவிட்டன. தண்ணீரைக் குடித்துக்கொண்டே ஒரே ஒரு விஷயம் நினைத்தேன். இந்த மனுசர் என் கையில் போய்விட்டால் தர்ஷினியின் முகத்தை எப்படிப் பார்ப்பேன்?

எப்படியோ தலையை வெளியே எடுத்தேன். சாரத்தைக் காலால் உதைத்துத் தள்ளினேன். அவர் காதுக்குள், என் ஆயுளில் அதற்கு முன்னும் பின்னும் கத்தாத சத்தத்தில் கத்தினேன்.

"எந்திரிடா. காலை ஊணி எந்திரிடா, மனுசா."

மாமா எழுந்து நின்றார். தண்ணீர் அவர் நெஞ்சுவரைதான் இருந்தது.

மாமா இருமினார். தர்ஷினி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவள் அப்பா பிழைத்ததற்கா, புருசன் அவரை "டா" போட்டதற்கா என்று இன்றுவரை சொல்ல மாட்டேன் என்கிறாள். சாரம் குளத்தின் அடுத்த மூலைக்குப் போயிருந்தது. அதை நான் போய் எடுத்து வந்து, மறுபக்கம் பார்த்துக்கொண்டு நீட்டினேன்.

பிளாஸ்டிக் கதிரையில் துவாயைப் போர்த்து உட்காரவைத்தோம். நடுக்கம் நிற்கவில்லை. கை நெஞ்சைப் பிடித்திருந்தது. உதடு வெளிறிக்கொண்டு வந்தது. ஹோட்டல் வேனிலேயே ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கே ஒரு இளம் டாக்டர் அம்மா மாமாவிடம் கேள்வி கேட்கத் தொடங்கினார். இதய வருத்தம் உண்டா, பிரஷர் உண்டா, மருந்து எடுக்கிறீர்களா. நான் கேட்காமல் விட்ட அதே கேள்விகள்.

மாமா எங்களைப் பார்க்காமல் பதில் சொன்னார். பிரஷர் இருக்கிறது. போன வருடம் இரண்டு தடவை நெஞ்சு வலித்தது. மாத்திரை கடை மேசை லாச்சிக்குள், ஃபியூஸ் பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது. வீட்டில் யாருக்கும் தெரியாது. காலையில் ரொட்டி ஆறு, மிளகாய் இடித்த கட்டைச் சம்பலோடு. அத்தை அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

நான் வெளியே நடைக்கு வந்தேன். காற்சட்டைப் பையில் அந்தப் படிவம் ஊறிக் கூழாகியிருந்தது. ஏழு "இல்லை"யும் என் கையெழுத்தில். சுவரைப் பார்த்து நின்று அழுதேன். ஒரு அட்டெண்டன்ட் வந்து, யார் செத்தது என்று சிங்களத்தில் அன்பாக விசாரித்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் மாமா என்னைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கூப்பிட்டார். மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீங்க கேட்டிருந்தா நான் உண்மையைச் சொல்லியிருப்பேனான்னு தெரியல மாப்புள. ஆனா நீங்க கேட்டிருக்கணும்."

"சரி மாமா" என்றேன். பதினைந்தாவது. அது கணக்கில் இல்லை.

அதற்குப் பிறகு நான் தண்ணீரில் இறக்கிய ஒவ்வொருவரையும் முகத்தைப் பார்த்துக் கேட்டிருக்கிறேன். கேட்டது பிடிக்காமல் காசைத் திருப்பி வாங்கிப் போனவர்களும் உண்டு. போகட்டும். வீட்டிலோ அந்த வீடியோ கல்யாணம், சடங்கு, காதுகுத்து எல்லாவற்றிலும் ஓடுகிறது. ஓட விடுவது மாமாதான். "எந்திரிடா" வருகிற இடத்தில் நிறுத்தி, புதுச் சம்பந்திகளுக்கு ஒருமுறை திருப்பிப் போட்டுக் காட்டுவார்.

போன வருடம் மாமாவுக்கு நெஞ்சில் ஒப்பரேஷன் நடந்தது. மூன்றாம் நாள் எழுந்து நடக்க வேண்டும் என்றார்கள். மாமா மாட்டேன் என்றுவிட்டார். தையல் பிரிந்துவிடும் என்று பயம். நர்ஸ் கெஞ்சினார், அத்தை கெஞ்சினார், தர்ஷினி அழுதே பார்த்தாள். நான், "கொஞ்சம் எந்திரிங்க மாமா" என்றேன்.

மாமா கண்ணை மூடிக்கொண்டு, "அது வேலைக்காகாது மாப்புள. அன்னைக்குச் சொன்ன மாதிரி சொல்லுங்க" என்றார்.

வார்டு நிறைய ஆட்கள். நான் இரண்டு தரம் தொண்டையைச் செருமினேன். பிறகு சொன்னேன். அவர் கால்களைத் தரையில் வைத்து, என் தோளைப் பிடித்து, மெதுவாக எழுந்து நின்றார்.

பக்கத்துக் கட்டில்காரருக்குப் பொறுக்கவில்லை. "தம்பி, வயசுக்கு மூத்தவரை இப்பிடியா பேசுறது?" என்றார்.

"பேசட்டுங்க" என்றார் மாமா, மூச்சு வாங்கிக்கொண்டே. "இவரு இப்பிடிப் பேசலேன்னா நான் என்னைக்கோ போயிருப்பேன்."

பிறகு குனிந்து பார்த்து, "செருப்பு எங்க மாப்புள?" என்றார். கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்து, ஒவ்வொரு காலாகப் போட்டுவிட்டேன்.