பம்பரில் கொஞ்சம் பற்பசை

ஒரு விடுகதை போடுகிறேன். கண் கிடையாது, கத்திக் கத்தியே வழி அறியும். பின்னால் போகும்போது மட்டும்தான் விழித்திருக்கும். அது என்ன?

வௌவால் என்பீர்கள். வௌவால் பின்னால் பறக்காது. விடை, எங்கள் காரின் பின் பம்பரில் பொட்டு வைத்ததுபோல் இருக்கும் நான்கு பார்க்கிங் சென்சார்கள். அவை போடும் சத்தம் நம் காதுக்கு எட்டாது. அது சுவரில் பட்டுத் திரும்பினால், காருக்குள் 'பீப்' என்று கேட்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கால்பந்து இறுதி ஆட்டம். அதே ஞாயிற்றுக்கிழமை மனைவியின் அக்கா வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. அங்கே என் சகலை இருக்கிறார். அவர் பேச ஆரம்பித்தால் சுவர்க்கடிகாரமே கொட்டாவி விடும். வானமே இடிந்து விழுந்தாலும் வீட்டிலிருந்து ஆட்டம் பார்ப்பது என்று சபதம் எடுத்தேன்.

பல் தேய்க்கும்போது யோசனை பிறந்தது. வெள்ளைக் கார், வெள்ளைப் பேஸ்ட். ஓரத்துச் சென்சார் மேல் கனமாக அப்பிக் காயவிட்டேன். ரிவர்ஸ் கியர் போட்டதும் கார் விடாமல் அலறியது. பின்னால் ஈ காக்கை இல்லை.

"சென்சார் போச்சு. இந்த வண்டியை எடுக்கிறது ஆபத்து. உசிருதானே முக்கியம்?" என்றேன், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு.

"ஆமாங்க, உசிருதான் முக்கியம்," என்றாள் மனைவி.

அவள் அத்தனை சுலபமாக ஒத்துக்கொண்டபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். அவளுக்கு ஸ்கேன் சென்டரில் வேலை. நோயாளியின் வயிற்றுக்குள் சத்தம் அனுப்பிப் படம் பிடிக்கிறவள்.

"இன்ஜின் வேண்டாம். சாவியை மட்டும் ஆன் பண்ணுங்க. ஹேண்ட் பிரேக் போட்டு ரிவர்ஸ்ல வைங்க," என்றாள். பிறகு மகளைக் கூப்பிட்டாள். "பாப்பா, ஒவ்வொரு பொட்டுலயும் காதை வச்சுப் பாரு. அது கத்துறது கேக்காது, ஆனா உள்ள டிக் டிக்னு துடிக்கிறது கேக்குதா?"

மகள் குந்தி உட்கார்ந்தாள்.

"கேக்குது. இதுலயும் கேக்குது. இதுலயும். இந்த ஓரத்துல கேக்கலம்மா. ஆனா நம்ம பாத்ரூம் வாசனை வருது."

அவள் காதில் வெள்ளைத் தூள் ஒட்டியிருந்தது. மனைவி சென்சாரை நகத்தால் சுரண்டி முகர்ந்தாள்.

"என்னங்க, வண்டி பல்லு தேய்ச்சிருக்கு."

"ரோட்டுல ஏதாவது தெறிச்சிருக்கும்."

"புதினா வாசனையோடவா?"

"இப்பல்லாம் ரோடு நல்லாப் போடுறாங்க."

அவள் கோபப்படவில்லை. போனை எடுத்தாள்.

"அக்கா, எங்க வண்டி ரிப்பேர். நீங்க எல்லாரும் இங்க வந்துடுங்க. சாப்பாடு இங்கதான். அத்தான் வந்து சென்சாரையும் பாக்கட்டும். அவசரமே இல்ல, இருட்டினப்புறம் திரும்பிப் போனாப் போதும்."

சகலை வீட்டுக்குப் போனால் நேரமாச்சு என்று எழுந்து வரலாம். சொந்த வீட்டிலிருந்து எங்கே எழுந்து போவது? ஈரத்துணியோடு ஓடினேன்.

"துடைச்சாப் போச்சு. வண்டி நல்லாத்தான் இருக்கு. வா, நாமளே போயிட்டு வந்துடலாம்."

"வேண்டாங்க, ஆபத்து. நீங்களே சொன்னீங்களே."

சகலை செருப்பைக் கழற்றும்போதே, "என் வண்டியில முன்னாடியும் சென்சார் இருக்கு, சகலை," என்று ஆரம்பித்தார். உள்ளே வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தார். ஆட்டம் தொடங்கும் நேரம். அவருக்குச் செய்தி வேண்டும், எனக்கு ஆட்டம். இருவர் கையும் ஒரே சமயத்தில் ரிமோட்டுக்கு நீண்டன.

மனைவி அதை எடுத்து மகளிடம் கொடுத்தாள். "எது போடணும்னு பாப்பாவே சொல்லட்டும். ஃபால்ட்டைக் கண்டுபிடிச்சவ அவதானே."

மகள் என்னைப் பார்த்தாள். நான் கண்ணாலேயே கெஞ்சினேன். அவள் சிறிது யோசித்தாள்.

பிறகு பூனைக் கார்ட்டூன் போட்டாள்.