கீழ் வாய்க்காலுக்கு முளைத்த குண்டுப் பட்டை

அன்புள்ள அக்கா மகன் டெல்ஃபினுக்கு,

நுவேவா எசிஹாவிலிருந்து உன் மாமா பொன்சியானோ எழுதுவது. லாஸ் பான்யோஸில் நீயும் உன் ஆராய்ச்சியும் நலமாயிருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். இங்கே எல்லாருக்கும் உடம்பு சரியாகத்தான் இருக்கிறது. எனக்கு உன்மேல்தான் கோபம்.

கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனாயே, கணக்கைப் படமாக வரைந்து தரும் ஆர் மொழி, அதை யார் தயவும் இல்லாமல் நானே கற்றுக்கொண்டேன். கோடைத் தண்ணீரை எந்த வாய்க்காலுக்கு முதலில் விடுவது என்று முடிவு செய்ய நீர்ப்பாசன இன்ஜினியர் லூர்தெஸ் கூட்டம் போட்டிருந்தார். போன வருஷம் மேல் வாய்க்கால்காரர்கள் மழைக்காலம், கோடை இரண்டிலும் நெல் அறுத்தார்கள். கீழே எங்களுக்குக் கோடையில் ஒரு பிடி நெல் இல்லை. விளைச்சலுக்குத் தக்க உயரத்தில் பட்டை பட்டையாக நிற்கும் படமாக இதைக் காட்டலாமென்று உட்கார்ந்தால், முதலில் மழைப் பட்டையின் தலைமேல் கோடைப் பட்டை ஏறி உட்கார்ந்துகொண்டது. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தும் கட்டளையைத் தேடிப் பிடித்தேன். எங்கள் கோடை விளைச்சல்தான் இல்லையே, இல்லாததை எதற்குப் பூஜ்யம் என்று எழுதுவது என்று அந்த வரியை விட்டுவிட்டேன். நியாயம்தானே? மேல் வாய்க்காலுக்கு மழைக்கு ஒரு நிறம், கோடைக்கு ஒரு நிறமென்று ஒல்லியாக இரண்டு பட்டை வந்தது. எங்களுக்கு ஒன்றே ஒன்று, இரண்டு பட்டை இடத்தையும் அடைத்துக்கொண்டு, திருவிழாவுக்கு வளர்த்த பன்றி மாதிரி நின்றது. லட்சணமாக இருக்கிறதென்று நானும் விட்டுவிட்டேன். கூட்டத்தில் சுவரில் படம் விழுந்ததும் மேல் வாய்க்கால் காஸ்பர் துள்ளி எழுந்தான்.

"பாத்தீங்களா இன்ஜினியர், கீழ இருக்கறவங்க எப்படிக் கொழுத்திருக்காங்கன்னு! இவங்களுக்கா தண்ணி?"

"டேய், உயரத்தப் பாருடா, அகலத்தப் பாக்காத!"

"அப்ப ஏண்ணே அகலமாப் போட்டீங்க?"

"நான் எங்கடா போட்டேன்? அதுவாப் போட்டுக்கிச்சு!"

கூட்டமே சிரித்தது. நம் ஆட்களே, "யாருக்கு வேலை பாக்கறீங்க பெரியவரே?" என்று கேட்டார்கள். இன்ஜினியர் படத்தைப் பார்த்துப் பார்த்து ஏதோ எழுதிக்கொண்டு கிளம்பிவிட்டார். தண்ணீர் கைவிட்டுப் போனால் இந்தக் கோடையும் எங்களுக்குக் கட்டாந்தரைதான்.

எனக்கு இன்னும் புரியவில்லை, டெல்ஃபின். பட்டினி கிடந்தவன் பருத்துத் தெரிவது என்ன கணக்கு? என் தவறு என்று மட்டும் சொல்லாதே. நான் எழுதியதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. உடனே வந்து இந்த மொழியைப் பிடுங்கி எறி.

உன் மனைவி மக்கள் எல்லாரையும் ஆண்டவர் காக்கட்டும்.

வருத்தத்துடன்,
மாமா பொன்சியானோ

பி.கு.: உறையை ஒட்டும்போது இன்ஜினியரே மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். தண்ணீர் முதலில் எங்களுக்குத்தானாம்! "அவங்களுக்கு ரெண்டு நிறத்துல பட்டை, உங்களுக்கு ஒரே நிறம். எந்த நிறத்தக் காணோம்னு பாத்தேன், கோடை! வேற என்ன வேணும், பெரியவரே?" என்றார். ஆகவே எதையும் பிடுங்க வேண்டாம். நான் வேண்டுமென்றேதான் அப்படிப் போட்டேன் என்று ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. நீ வந்து விளக்கம் கொடுத்துக் கெடுத்துவிடாதே.